உங்களுக்கு ஏன் வயரும் கோடிங்கும்?

டிசைன் பாடத்துக்கு ரெண்டு ஆர்டுயினோ போர்ட் கேட்டுக் கடிதம் குடுத்தம். ‘கலைப்பீடப் பிள்ளையளுக்கு ஏன் வயரும் கோடிங்கும்? அது எஞ்சினியரிங் பெடியளின்ர வேலை’ எண்டு சிரிச்சுப்போட்டுத் திருப்பித் தந்தினம்.

சிரிக்க முதல், அந்தப் போர்ட் எங்க பிறந்தது எண்டு பாத்திருக்கலாம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த இன்டராக்‌ஷன் டிசைன் நிறுவகத்தில், 2005இல். மின்னணுவியல் படிக்காத டிசைன் மாணவருக்காகத்தான் அதைச் செய்தார்கள். அதற்கு முன்பே அங்கு படித்த கொலம்பியாக்காரர் எர்னாண்டோ பர்ராகான் தன் முதுகலை ஆய்வாக ‘வயரிங்’கை உருவாக்கியிருந்தார், ஆர்டுயினோ எழுந்தது அதன் மேல். (அந்த மனுசனை உலகம் எவ்வளவு மறந்தது எண்டது வேற கதை.) வயரிங்குக்கும் முந்தின ‘புரொசெசிங்’, 2001இல் கேசி ரியாசும் பென் பிரையும் ஓவியம், டிசைன் பக்கத்து ஆக்களை மனசில வைச்சுத் தொடங்கினது. ஒரு வரி எழுதினா திரையில வட்டம் வரும். அது மவுசுக்குப் பின்னால ஓட இன்னும் ரெண்டு மூண்டு வரி. ஓ/எல் கணிதத்தில எஸ் எடுத்த நானே செய்தன். சல்லிக்காசு செலவில்லை.

ஆனா இங்க, பதினாறு வயசில ஒரு பிள்ளை கலைப்பிரிவைத் தெரிஞ்சா, பிறகு அதுக்குக் கணினி எண்டா வேர்ட்டும் பவர்பொயின்ற்றும்தான். ‘கலைப் பட்டதாரிக்கு வேலையில்லை’ எண்டு மேடையில கவலைப்படுறதும் அதே ஆக்கள்தான்.

போர்ட்டை நாங்களே காசு சேர்த்து வாங்குவம். பாடத்திட்டத்தில ஒரு அலகைத் தாங்கோ. பூட்டிக் கிடக்கிற லாப்பின்ர திறப்பையும்.