டாங்கியத் தட்டுறதா, மாத்துறதா?

பழைய பைக்கில சைலன்சர் போனா வேற போடலாம், மட்கார்ட் உடைஞ்சா வேற போடலாம், அதில ஆருக்கும் பெரிய கவலை இல்ல. டாங்கி நெளிஞ்சா மட்டும் வீடே கூடி நிண்டு கதைக்கும். ஏனெண்டா அந்த வண்டிக்கு முகம் எண்டு சொல்லத்தக்கது அது ஒண்டுதான். கொம்பனிப் பேர், சின்னம், முழங்கால் உரசி உரசி மங்கின இடம் எல்லாம் அதிலதான் இருக்கு. சென்னை திருவொற்றியூரில கட்டின ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை எடுங்க. அந்த டாங்கியில ஓடுற தங்கக் கோட்டை ஸ்டிக்கர் ஒட்டாம தூரிகையால கையாலதான் காலகாலமாக் கீறி வந்தாங்க. அந்தக் கோட்டுக்காகவே டாங்கியக் கழுவுறதுக்கு ஆளை விடாத ஆக்கள் இருக்காங்க.

எங்கட முடிவை முதல்லயே சொல்லிர்றம். ஒழுகாத டாங்கிய மாத்தக் கூடாது. ஒழுகினாலும் முதல்ல திருத்தத்தான் பாக்கணும். ஆனா திருத்துறது எண்ட பேர்ல பட்டியப் பூசி மூடுறதும், தண்ணி ஊத்தாம வெல்டிங் பிடிக்கிறதும் திருத்தமே இல்ல. முதலாவது ஏமாத்து. ரெண்டாவது உயிரோட விளையாட்டு.

பழைய ஹொண்டாக்களில நெளிவு எங்க விழும் எண்டு பாருங்க. முக்கால்வாசிக்கு முன்பக்கம், ஹாண்டிலுக்குக் கிட்ட. வண்டி சரியக்குள்ள ஹாண்டில் கிறுகி வந்து டாங்கியில அடிக்கும். அது அவ்வளவு தூரம் கிறுகாமத் தடுக்கத்தான் கீழ ஒரு இரும்புக் கட்டை வச்சிருக்காங்க. பழைய வண்டிகளில அந்தக் கட்டை தேஞ்சோ வளைஞ்சோ போயிருக்கும். அதைப் பாக்காம டாங்கிய மட்டும் அழகாத் தட்டி, பெயின்ட் அடிச்சு ஏத்தினா, அடுத்த சரிவில அதே இடத்தில அதே நெளிவு. காசைக் கொண்டுபோய் வாவியில போட்ட மாதிரித்தான்.

டாங்கி எண்டது ரெண்டு தகட்டை அச்சில அழுத்தி, ஓரத்தைச் சேத்து ஒட்டின பெட்டி. நடுவில வண்டிர முதுகெலும்புக் குழாய் போறதுக்கு அடியில ஒரு குடைவு இருக்கும். வட்டமா, மெதுவா உள்ளுக்குப் போன நெளிவு பெரிய பிரச்சின இல்ல. மூடி வாயால வளைஞ்ச கம்பியொண்டை விட்டுத் தள்ளலாம், இல்லாட்டி வெளியில பசைப் பிடி ஒட்டி இழுக்கலாம். கூரா மடிப்பு விழுந்தது வேற கதை. அந்த இடத்தில தகடு இழுபட்டு நீண்டிருக்கும். திருப்பித் தள்ளினா நீண்ட தகட்டுக்கு இருக்க இடம் காணாது, அலை அலையா எழும்பி நிக்கும். அதுக்கு அடிக்குடைவுப் பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ள கட்டையக் குடுத்து, வெளியில சுத்தியலால மெல்ல மெல்லத் தட்டி, சூடு காட்டிச் சுருக்கி, மறுகா மூடி ஒட்டணும். இது நாள் கணக்கில இழுக்கிற வேலை. கொம்பிரசர் காத்த அடிச்சா நெளிவு தானா வெளிய வரும் எண்டு சொல்லுறவங்கள நம்பாதீங்க. டாங்கி காத்தழுத்தம் தாங்குறதுக்குச் செஞ்சதில்ல. நெளிவு அப்படியே கிடக்க, மத்த இடம் ஊதி, ஓரம் பிரியும்.

அந்த நாள் கணக்கான வேலைய அரைநாளில முடிக்கிறதுக்குத்தான் பட்டி. மெல்லிசா, கடைசி மட்டம் எடுக்கிறதுக்குப் பட்டி பூசுறதில பிழை இல்ல, எல்லாரும் பூசுறதுதான். விரல் தடிப்பில பூசி நெளிவையே புதைக்கிறதுதான் பிழை. டாங்கி சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், எஞ்சின் நடுக்கத்தில நடுங்கும். பட்டி அந்த அளவுக்கு அசையாது. ஒருநாள் வெடிக்கும். வெடிப்புக்குள்ள போற ஈரம் வெளிய வராது. பெரியகல்லாறு இருக்கிற இடத்தையும் யோசியுங்க: ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில ஒரு கீலம் நிலம். உப்புக்காத்து படாத இரும்பு இங்க இல்ல. கண்டியில பத்து வருசம் தாங்குற பட்டி இங்க அவ்வளவு தாங்காது. பட்டிக்குக் கீழ கறள் தகட்டத் திண்டு முடிச்சாப் பிறகுதான் வெளியில ஒரு சின்னக் கொப்புளம் தெரியும். பழைய பைக் வாங்கப் போறவங்க சட்டைப் பையில ஒரு காந்தத்தைக் கொண்டு போங்க. துணி சுத்தி டாங்கி முழுக்க ஓட்டிப் பாருங்க. ஒட்டாம நழுவுற இடத்தில தடிப்பாப் பட்டி இருக்கு.

உள்பக்கக் கறள் இன்னும் மோசம். பெற்றோலை விடத் தண்ணி பாரம், அதால டாங்கிக்குள்ள போன ஒவ்வொரு துளியும் அடியில போய்த் தங்கும். ஓட்டை விழுறதும் அங்கதான். மேல்பக்கம் கறள் பிடிக்கிறது டாங்கி வெறுமையாக் கிடக்கக்குள்ள. 2022 ஞாபகம் இருக்கும்தானே? ஏப்ரலில பைக்குக்கு 1,000 ரூபாய்க்கு மேல அடிக்க ஏலாது எண்டாங்க. மறுகா கியூஆர் வந்தப்ப கிழமைக்கு 4 லீற்றர். அந்த மாசங்கள் முழுக்க எங்கட டாங்கிகளில அடியில கொஞ்சம் பெற்றோல், மேல முழுக்க ஈரக்காத்து. அந்தக் கறளை இண்டைக்கும் காப்பரேட்டரில இருந்து கழுவிட்டிருக்கிறம். வினாகிரி ஊத்தி, சின்ன நட்டுகளப் போட்டுக் குலுக்கினா கறள் கழரும். ஆனா அதோட விட்டா அடுத்த நாளே செம்மஞ்சளாத் திரும்பவும் பூக்கும். அப்பச்சோடாத் தண்ணியால அலசி, வெயிலில நல்லாக் காயவச்சு, உடனே பெற்றோலை நிரப்பணும்.

இப்ப வெல்டிங். எங்களுக்குக் கோவம் வாற இடம் இது. பெற்றோலைக் கவிழ்த்து ஊத்திட்டா டாங்கி வெறுமை எண்டு நினைக்கிறாங்க. நிறைஞ்ச டாங்கிய விட ஆபத்து அதுதான். பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், வாய் திறந்திருந்தாலும் உள்ளயே படுத்துக் கிடக்கும். காத்தோட நூற்றுக்கு 1.4 பங்கில இருந்து 7.6 பங்கு வரைக்கும் கலந்திருந்தாப் போதும், ஒரு பொறியில வெடிக்கும். ஓர மடிப்பிலயும் கறளுக்குள்ளயும் ஊறியிருக்கிற பெற்றோல் சூட்டுக்குத் திரும்பவும் ஆவியாகும், அதால ஒருநாள் வெயிலில வச்சனான் எண்டது கணக்கில்ல. சவுக்காரத் தூள் போட்ட சுடுதண்ணியால பல தரம் கழுவி, ஒட்டப்போற இடம் மட்டும் வெளிய நிக்கிற மாதிரித் தண்ணிய நிரப்பி, மூடியத் திறந்து வச்சுத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டு போகணும். கராஜில வேலை பழகுற பதினாறு, பதினேழு வயசுப் பொடியனுகளிட்டத்தான் இந்த வேலையக் குடுக்கிறாங்க. அவசரம் எண்டு நாம நெருக்கிறதும் அந்தப் பொடியனுகளத்தான். "தண்ணி ஊத்தினீங்களா தம்பி?" எண்டு நிண்டு கேளுங்க. பாஸ் மூஞ்சியச் சுளிச்சாலும் பரவாயில்ல.

இவ்வளவு கரைச்சல் எதுக்கு, பஞ்சிகாவத்தையில புதுசு எடுக்கலாமே எண்டு கேப்பீங்க. எடுக்கலாம். ஆனா புதுசு எண்டு வாறது பெரும்பாலும் போலி. தகடு மெல்லிசு, பிடிக்கிற ரப்பர் இடம் மாறியிருக்கும், பெற்றோல் டெப்பின்ர மரை சேராது. சேராத இடத்த வெட்டி ஒட்டுறதுக்குத் திரும்பவும் அதே கராஜுக்குத்தான் போகணும். "ஒரிஜினல்" கிடைச்சா இன்னும் யோசிக்கணும். அது எங்க இருந்து வந்த? இன்னொரு வண்டியப் பிரிச்சுத்தான். 2020 மார்ச்சில நிண்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசமும் இந்த ஊர்களில பிள்ளைகள டியூசனுக்கு ஏத்தின, மீன் ஏத்தின, ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்தின வண்டிகள் இந்தப் பழசுகள்தான். ஒண்டுக்கு முகம் வேணும் எண்டு இன்னொண்டின்ர முகத்த உரிக்கிறது எங்களுக்குச் சரியாப் படல.

கூலிக் கதையும் இருக்கு. ரெண்டு நாள் சுத்தியல் பிடிச்ச மனிசனிட்ட, "தட்டினதுக்கா இவ்வளவு?" எண்டு கேக்கிற நாங்களே, போலி டாங்கிக்குக் கேட்ட காச வாய் திறக்காமக் குடுக்கிறம். பட்டி பூசினா அரைநாளில அதே காசு வருமெண்டா அவர் ஏன் தட்டணும்? டிங்கர் வேலை தெரிஞ்ச பொடியனுகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போறதில என்ன அதிசயம்?

ஒழுகாத, கண்ணுக்கு மட்டும் உறுத்துற சின்ன நெளிவெண்டா, அதை அப்படியே விடுறதும் நல்ல முடிவுதான். பெயின்ட் வெடிச்ச இடத்தில மட்டும் கறள் தட்டாமத் தொட்டு விடுங்க. குரோம் பூசின டாங்கியெண்டா கட்டாயம் விடுங்க, பட்டிக்கு மேல குரோம் ஏறாது.

அடித்தகடு சல்லடையாப் போய், ஊசி குத்தினாலே உடையுதெண்டா மாத்தத்தான் வேணும். அப்பவும் பழச இரும்புக்காரனுக்குப் போடாதீங்க. உள்ள கொஞ்சம் எஞ்சின் ஒயில ஊத்தி, நாலு பக்கமும் சரிச்சு, வாய அடைச்சு, காத்துப் படாத இடத்தில வைங்க. அடித்தகடு வெட்டிப் போடத் தெரிஞ்ச ஒரு ஆள் கல்முனையிலயோ களுவாஞ்சிகுடியிலயோ இன்னும் இருப்பார்.