அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்?

ஞாயிறு காலை ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடித்துவிட்டு, மாலையில் பிள்ளைக்கு வரன் தேடும்போது "நம்ம ஆளுங்களா?" என்று கேட்கிற விசுவாசம் எனக்குப் புரிவதே இல்லை. திருமணத் தளங்களில் 'கிறிஸ்தவர்' என்று தேர்ந்ததும் அடுத்த கட்டம் சாதி கேட்கிறது. மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், யாருக்கும் வேண்டாத கட்டத்தை நாங்கள் சும்மா வைப்பதில்லை.

"அது பண்பாடுங்க, விசுவாசம் வேற" என்பார்கள். பழைய பதில்தான். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். அவர் வெள்ளைக்காரர், ஆளும் இனத்தின் மிடுக்கு அவருக்கும் இருந்திருக்கும், சரி. அதற்காகக் கேள்வி செல்லாததாகிவிடுமா?

சிகரெட்டையும் சினிமாவையும் கண்டிக்கப் பிரசங்கத்தில் நேரம் இருக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கிற சுவரைப் பற்றி மூச்சு இல்லை. சிகரெட்டை விட்டால் சொந்தக்காரர் யாரும் கோபிக்க மாட்டார்கள், அதான் விஷயம். சாதியை விட்டுப் பாருங்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும்.

"நான் பார்க்கிறதில்லப்பா, வீட்டுலதான்..." என்று இழுக்கிற என் வயது நண்பர்களே, அந்தத் தளத்தில் உங்கள் கணக்கின் கடவுச்சொல் அம்மாவிடமா இருக்கிறது?