கேட்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும்

யாழ்ப்பாணத்தில் வாழும் நமது மாணவிகளிடம் அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள் உள்ளன. ஒரு நாளைக்கு ஐந்து முறை ஏன் தொழுகிறீர்கள்? நோன்பு நாளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்களா? மக்காவில் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டடத்தையா வணங்குகிறீர்கள்? ஏன் தலையை மூடுகிறீர்கள்? ரியூஷன் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் தோழி கேட்கிறாள். அடுத்த வீட்டு அன்ரி கேட்கிறார். பெரும்பாலும் இவை அன்பினாலும் அறியும் ஆவலினாலும் கேட்கப்படும் கேள்விகள்தாம்.

இவற்றுக்கு நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றே: “அப்பிடித்தான் எங்கட மார்க்கத்தில சொல்லியிருக்கு.” இஸ்லாம் பாடத்தில் சிறப்புச் சித்தி பெறும் மாணவிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். ஈமானின் கடமைகள் ஆறு, இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து என்று வரிசை தப்பாமல் எழுதத் தெரிந்த நமக்கு, அதையே ஒரு சைவத் தோழிக்கோ கிறிஸ்தவத் தோழிக்கோ விளங்கும் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லத் தெரிவதில்லை. இஸ்லாம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் எனது கருத்து இதுதான்: கேட்பவருக்கு எளிமையாகச் சொல்லத் தெரிவதும் மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியாகும். அதை நாம் வகுப்பறையிலும் வீட்டிலும் பழக்க வேண்டும்.

இதற்கு நமது வரலாற்றிலேயே அழகான முன்மாதிரி இருக்கிறது. கி.பி. 615ஆம் ஆண்டளவில், மக்காவில் கொடுமை தாங்க முடியாத முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவர். அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு கேட்டு, குறைஷியர் இரு தூதர்களைப் பரிசுப் பொருட்களுடன் அனுப்பினார்கள். மன்னர் அகதிகளை அழைத்து, உங்கள் மார்க்கம் என்ன என்று விசாரித்தார். அவர்கள் சார்பில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) பேசினார்கள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். நாங்கள் சிலைகளை வணங்கினோம், உறவுகளை முறித்தோம், எங்களில் பலசாலி பலவீனரை விழுங்கினான் என்று தமது முன்னைய நிலையை ஒளிக்காமல் சொன்னார்கள். பின்னர், ஓர் இறைவனை மட்டும் வணங்கவும், உண்மை பேசவும், அமானிதத்தைக் காக்கவும், உறவினரையும் அயலவரையும் பேணவும், அநாதைகளின் சொத்தை உண்ணாதிருக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை எடுத்துரைத்தார்கள். தொழுகை, ஸகாத், நோன்பு பற்றியும் கூறினார்கள். சூறா மர்யமின் தொடக்கப் பகுதியை ஓதியபோது மன்னர் கண்ணீர் விட்டார். மறுநாள் குறைஷித் தூதர்கள், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்று மூட்டிவிட்டார்கள். அப்போதும் ஜஃபர் (ரழி) அவர்கள் மன்னரைக் குளிர்விப்பதற்காக எதையும் மாற்றிச் சொல்லவில்லை. ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் அடியார், அவனது தூதர் என்ற நம்பிக்கையை மரியாதையோடு சொன்னார்கள். மன்னர் அவர்களைக் கைவிடவில்லை.

இந்த நிகழ்ச்சியை நமக்கு அறிவித்தவர் உம்மு ஸலமா (ரழி) என்ற பெண்மணி. அந்த அகதிக் கூட்டத்தில் இருந்து, கேட்டதை மனத்தில் வைத்துப் பின்னர் எடுத்துச் சொன்னார்கள். மார்க்கத்தை விளக்குவது ஆண்களின் வேலை என்று நினைக்கும் மாணவிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வழியில், யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்திக்கு நமது மார்க்கத்தை எப்படிச் சொல்லலாம்? முதலில் நம்பிக்கை. படைத்தவன் ஒருவன். அவனுக்குப் பெற்றோரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவனைப் போல எதுவும் இல்லை. அல்லாஹ் என்பது அவனைக் குறிக்கும் அரபுச் சொல். அரபு பேசும் கிறிஸ்தவர்களும் இறைவனை அச்சொல்லாலேயே அழைக்கிறார்கள். அவனது வானவர்களையும், வேதங்களையும், தூதர்களையும், மறுமை நாளையும், நன்மையும் தீமையும் அவனது ஏற்பாட்டின்படியே என்பதையும் நம்புகிறோம். இப்றாஹீம், மூஸா, ஈஸா (அலை) ஆகியோரும் நமக்கு நபிமார்களே. இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள். அவர்களை நாம் உயிரினும் மேலாக நேசிக்கிறோம், ஆனால் வணங்குவதில்லை. இந்த நம்பிக்கையை வாயால் மொழிவதே முதற் கடமையாகிய கலிமா.

இரண்டாவது தொழுகை. ஸுப்ஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து நேரம். படிப்பு, சமையல், வியாபாரம் என்று எந்த வேலையில் இருந்தாலும் அதை நிறுத்தி, முகம் கை கால் கழுவி, படைத்தவன் முன் நிற்கிறோம். பள்ளிவாசலில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பார்கள். கஃபாவின் பக்கம் திரும்புகிறோமே தவிர, கஃபாவை வணங்குவதில்லை. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே திசையை நோக்குவதற்கான அடையாளம் அது.

மூன்றாவது நோன்பு. ரமழான் மாதத்தில் விடியற்காலை முதல் சூரியன் மறையும் வரை உண்ணாமலும் பருகாமலும் இருக்கிறோம். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் சலுகை உண்டு. தவறிய நோன்பைப் பின்னர் நோற்கலாம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அதனால் ரமழான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்ந்து எல்லாப் பருவங்களிலும் வந்து போகும். கந்தசஷ்டி விரதமும் தபசு காலமும் அறிந்த யாழ்ப்பாணத்தவருக்குப் பசியோடு இறைவனை நினைப்பது புதிய செய்தி அல்ல. அந்த இடத்திலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு இலகுவில் விளங்கும்.

நான்காவது ஸகாத். இதைத் தருமம் என்று மட்டும் சொன்னால் பொருள் குறைந்துவிடும். சுமார் 85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்குக் குறையாத செல்வம் ஒருவரிடம் ஓர் ஆண்டு முழுவதும் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, அவருக்குச் சொந்தமில்லை. அது உரியவர்களின் பங்கு. ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர் உட்பட எட்டு வகையினரை அல்குர்ஆன் குறிப்பிடுகிறது. கொடுப்பவர் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. பெறுபவர் கூச்சப்படவும் ஒன்றுமில்லை.

ஐந்தாவது ஹஜ். உடல் நலமும் பொருள் வசதியும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒரு முறை கடமை. அங்கே ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஹாஜிகள் ஏழு முறை நடக்கிறார்கள். அது, பாலைவனத்தில் தன் குழந்தைக்காகத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜர் (அலை) என்ற தாயின் நினைவு. மன்னரும் அமைச்சரும் ஒரு தாயின் காலடித் தடத்தைப் பின்பற்றித்தான் அந்தக் கடமையை நிறைவேற்ற வேண்டும்.

தலையை மூடுவது பற்றிக் கேட்டால், அது கண்ணியத்துக்காக இறைவன் விதித்தது என்று தயங்காமல் சொல்லலாம். சூறா அந்நூரில் பெண்களின் ஆடை பற்றிய வசனத்துக்கு முந்திய வசனம் ஆண்களை நோக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் கட்டளையிடப்பட்டவர்கள் ஆண்களே.

இப்படிச் சொல்வதற்குத் தமிழ் நமக்குத் தடையாக இல்லை. நம் முன்னோர் அந்த வேலையை முன்பே செய்துவிட்டார்கள். ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், ஈதைப் பெருநாள் என்றும், மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும் சொன்னார்கள். தொழுதல், நோன்பு, பள்ளி எல்லாம் இந்த மொழியில் முன்பே வழங்கிய சொற்கள். உமறுப்புலவர் நபிகளாரின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவர் இந்த மண்ணிலிருந்தே இஸ்லாமியப் பாடல்கள் பாடினார். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும் அவரே. பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். சைவச் சூழலில் கற்றதால் அவரது ஈமான் குறையவில்லை; இஸ்லாத்தைப் பற்றித் தமிழில் எழுதும் ஆற்றலே வளர்ந்தது.

இதெல்லாம் அவ்வளவு அவசியமா என்று கேட்கலாம். அவசியம் என்பதை அண்மைக் கால நிகழ்வு ஒன்று காட்டியது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்தவர்களின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று வர்த்தமானி வெளியானது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் பயனில்லை. பிறந்து 20 நாளான குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானிக்குப் பின்னரே அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

அந்த நாட்களில் நாட்டு மக்கள் பலருக்கு ஒரு கேள்வி இருந்தது. எரித்தால் என்ன, புதைத்தால் என்ன? இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, அவருக்காகத் தொழுது, மண்ணில் அடக்குவது ஊரார் அனைவர் மீதும் உள்ள கடமை என்பதும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த உத்தரவே வந்திராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தவர்கள் நம்மோடு நின்றார்கள். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து நமது குடாநாட்டின் பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடத்திய பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. முஸ்லிம்களும் அதில் நடந்தார்கள். அயலவரின் துயரம் விளங்கியதால் எழுந்த குரல் அது.

பெற்றோர் சிலரின் அச்சத்தையும் நான் அறிவேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேர அவகாசத்தில் சோனகத் தெருவையும் ஐந்துசந்தியையும் விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். நம்மில் பலர் புத்தளத்தில் பிறந்து, பிறகுதான் இந்த ஊருக்கு வந்தவர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் செய்த கொடுமையில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் நம்மைப் பார்க்கும் பார்வையும் மாறியது. ஆகவே மார்க்கம் பேசி வம்பை வாங்காதே, வாயை மூடிக்கொண்டு படி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் நாம் மௌனமாக இருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. வேறு யாராவது நம்மைப் பற்றிச் சொல்லி அதை நிரப்புவார்கள். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பான பாவம் என்பதே அல்குர்ஆனின் போதனை என்று நமது பிள்ளை சொல்லாவிட்டால், நம் பெயரால் கொலை செய்தவனின் சொல்லே நிலைத்துவிடும்.

விளக்கம் சொல்வது விவாதம் செய்வது அல்ல. கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவர்களது சமயத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர்களிடமும் கேட்டு அறியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேட்ட ஹதீஸை நீங்கள் படித்திருப்பீர்கள். மறுமை எப்போது என்று கேட்கப்பட்டபோது, கேட்பவரைவிடத் தமக்கு அதிகம் தெரியாது என்றே நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். நமது மார்க்கத்தின் அடிப்படையே கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கப்பட்டிருக்கும்போது, கேள்விக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

எனது யோசனை எளியது. ஒவ்வொரு மாணவியும் பிற சமயத் தோழி ஒருத்தி தன்னிடம் கேட்ட ஒரு கேள்வியை எழுதி, அதற்கு அரைப் பக்கத்தில் தமிழில் பதில் எழுதட்டும். அரபுச் சொல் வந்தால் அதன் பொருளையும் எழுத வேண்டும். இரவு அதை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டட்டும். அவர்களுக்கு விளங்கினால் தோழிக்கும் விளங்கும். நல்ல பதில்களை இந்தச் சஞ்சிகையின் அடுத்த இதழில் வெளியிடலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சொல்லும் விளக்கத்துக்கு நமது நடத்தைதான் சாட்சி. கடையில் நிறுவை சரியாக இருந்தால், வாங்கிய கடன் சொன்ன தவணையில் திரும்பினால், அயலவர் வீட்டில் மரணம் என்றால் முதலில் போய் நின்றால், ஸகாத் பற்றியும் அமானிதம் பற்றியும் பிள்ளை சொல்வதை ஊர் நம்பும். ஜஃபர் (ரழி) அவர்கள் உண்மை, அமானிதம், அயலவர் உரிமை ஆகியவற்றையும் தொழுகை, நோன்பு ஆகியவற்றையும் ஒரே மூச்சில் சொன்னது அதனால்தான். கற்றதைச் சொல்லவும், சொன்னபடி வாழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.