பட்டியலோடு நிற்கக் கூடாது

ஆரஞ்சு, எலுமிச்சை இன மரங்களின் மரபுத்தொகுதிகள் வெளியானபின், எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் படியெடுப்புக் காரணிகளைக் குடும்பம் குடும்பமாகப் பட்டியலிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. பட்டியல் தேவைதான், ஆனால் அதோடு நிற்கும் ஆய்வு பாதி வேலையே. அவற்றுள் டிசிபி என்னும் குடும்பத்தையே பாருங்கள். அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியில் இக்குடும்பத்தின் ஒரு மரபணு பக்கமொட்டுகளை உறங்கவைக்கிறது. எலுமிச்சை இனத்தில் அதன் உறவு மரபணுக்களோ இலைக்கக்கத்தில் வளரும் உயிரணுக்களை அடக்கி முள்ளை உருவாக்குகின்றன. 2020இல் வெளியான ஆய்வில் அவற்றை முடக்கியபோது, முள் இருக்க வேண்டிய இடத்தில் கிளை துளிர்த்தது. முள்ளே இல்லாத அரபிடாப்சிஸ் இதை எப்படிச் சொல்லியிருக்கும்?

விதையிலிருந்து பூக்கவே பல ஆண்டுகள் எடுக்கும் மரத்தில் மரபணுக்களைச் சோதிப்பது கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் 2001இலேயே ஸ்பெயினின் வாலன்சியா ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். பூப்பதைத் தூண்டும் அரபிடாப்சிஸின் லீஃபி அல்லது அப்பெட்டாலா1 மரபணுவைச் சேர்த்த, சிட்ரேஞ்ச் என்னும் எலுமிச்சை இனக் கலப்பின நாற்றுகள் முதலாண்டிலேயே பூத்துக் காய்த்தன. அப்பெட்டாலா1 பெரிய வளர்ச்சிக் குறை எதையும் உண்டாக்கவுமில்லை. முள் போன்ற பண்புகளுக்கோ பூக்கும்வரை காத்திருக்கவே வேண்டாம், நாற்றிலேயே தெரிந்துவிடும். ஆகவே, நிதி தரும் அமைப்புகள் இன்னொரு பட்டியலுக்குப் பணம் ஒதுக்கும் முன், அதிலுள்ள ஒரு மரபணுவையாவது மரத்திலேயே சோதிக்கும் திட்டத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.