புலனாய்வுத் தகவல் எங்கே போகிறது? தேடிப் பார்க்கப் பணம் போடுவது யார்?

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிடமிருந்து ஓர் எச்சரிக்கை எமது அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபரின் மேசைக்குப் போனது. 11ஆம் திகதி பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு ஒரு கடிதமாக இறங்கியது. 21ஆம் திகதி காலை தேவாலயங்களில் கூடியிருந்த மக்களிடம் மட்டும் அது போய்ச் சேரவில்லை. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிய இடத்தில் தகவலைப் பகிராமலும் அதன்மீது நடவடிக்கை எடுக்காமலும் இருந்ததற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உட்பட ஐவர் மொத்தமாக 310 மில்லியன் ரூபா நஷ்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது கதையின் முதற் பாதி. இதை விசாரிக்க நாடாளுமன்றத் தெரிவுக்குழுவும் ஜனாதிபதி ஆணைக்குழுவும் அமர்ந்தன. இரண்டாவது பாதி எமது ஊர்களில் நடந்தது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களின் விபரம், மத்ரஸா உஸ்தாத்மாரின் அடையாள அட்டை இலக்கம், மாணவர்களின் ஊர், வெளிநாடு போய் வந்தவர்கள், தொலைபேசி இலக்கங்கள் எனப் படிவங்கள் வந்தன. ஒரு தரப்பு வாங்கிப் போன அதே விபரத்தை அடுத்த மாதம் வேறொரு தரப்பு வந்து கேட்டது. அச்சத்தில் அனைவரும் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன? யாருடைய கணினியில் ஏற்றப்பட்டன? எந்த நாட்டுடன் பகிரப்பட்டன? தவறாக எழுதப்பட்ட ஒரு பெயரைத் திருத்த எந்தக் கதவைத் தட்டுவது? இதை விசாரிக்க ஆணைக்குழு எதுவும் அமைக்கப்படவில்லை.

பகிரப்படும் தகவல் பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் மஹர் அராரை விடத் தெளிவான உதாரணம் இல்லை. சிரியாவில் பிறந்த கனேடியப் பொறியியலாளர் அவர். பொலிஸாரின் கண்காணிப்பில் இருந்த ஒருவரை ஒட்டாவாவின் ஓர் உணவகத்தில் சந்தித்துப் பேசினார் என்பதிலிருந்துதான் அவர் மீதான சந்தேகம் வளர்ந்தது. கனேடியப் பொலிஸார் தமது விசாரணைக் கோப்பு முழுவதையும், வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது என்ற நிபந்தனை கூட இல்லாமல், அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். அல்கைதாவுடன் தொடர்புள்ள தீவிரவாதி என்ற, ஆதாரமற்ற ஒரு வர்ணனையும் கூடவே போனது. அவருடைய மனைவியின் பெயரும் அதில் இருந்தது. 2002 செப்டம்பரில் நியூயோர்க் விமான நிலையத்தில் இடைமாறும்போது பிடிபட்ட அராரை அமெரிக்கா சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஏறக்குறைய ஒரு வருடம் சிறையும் சித்திரவதையும்.

நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் தலைமையிலான ஆணைக்குழு 2006இல் அவரை முழுமையாக விடுவித்தது. 2007இல் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார், 10.5 மில்லியன் கனேடிய டொலர் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. பொலிஸையும் புலனாய்வையும் சேர்த்து மேற்பார்வை செய்ய ஒரு சுயாதீன அமைப்பு 2019இல்தான் உருவானது. கனடாவிலேயே அதற்கு இத்தனை வருடம் பிடித்தது.

அதே கனடாவில் தனியுரிமை ஆணையாளர் அலுவலகம் 2004 முதல் வருடாந்தம் 500,000 டொலர் வரை ஆய்வுகளுக்கு ஒதுக்குகிறது. பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் அது தனியார் துறைக்கான சட்டத்தின் கீழ் இயங்குவது. பொலிஸ் கோப்புகளைத் தொடும் ஆய்வுக்கு எங்குமே பணம் இலகுவில் கிடைப்பதில்லை.

கிடைத்தால் அதன் பயன் என்ன? நியூயோர்க் பொலிஸின் ஒரு பிரிவு பல வருடங்களாக முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், தேநீர்க் கடைகள், மாணவர் சங்கங்கள் எல்லாவற்றையும் வரைபடமாக்கியது. 2011இல் ஊடகவியலாளர்கள் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆறு வருடங்களுக்கு மேற்பட்ட அந்தப் பணியில் ஒரு பயங்கரவாத விசாரணைக்குக் கூடத் துப்புக் கிடைக்கவில்லை என்று அந்தப் பொலிஸின் உயர் அதிகாரியே 2012இல் சத்தியம் செய்து சாட்சியளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. வீதியில் எழுப்பிய கோஷத்தை விட அந்த ஒரு வாக்குமூலம் பாரமானது.

எமது சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஓர் உரிமையாகச் சொல்லப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை என்பவற்றுக்கு அதில் விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏப்ரல் 4இன் எச்சரிக்கையைப் போன்றவை விரைவாகப் பகிரப்படத்தான் வேண்டும். அந்த வாசல் எவ்வளவு அகலம், யார் காவல் என்பதே கேள்வி. கைரேகை, முக அடையாளத்துடன் டிஜிட்டல் அடையாள அட்டையும் வரவிருக்கும் காலம் இது. தாள் படிவம் ஓர் அலுமாரியில் தூங்கும். டிஜிட்டல் பதிவு தூங்காது.

ஆய்வுக்குப் பாதுகாப்பு அமைச்சு பணம் தந்தால் அதன் முடிவை நாம் நம்ப மாட்டோம். தூதரகம் தந்தால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வு நிதியும் சமூகத்தின் சொந்தப் பணமும்தான் மிஞ்சுகின்றன. பள்ளிவாசல் முகப்புக்கும் மினாராவுக்கும் அள்ளிக் கொடுக்கும் தனவந்தர்கள் எம்மிடம் உண்டு. ஒலுவிலிலோ பேராதனையிலோ கொழும்பிலோ ஒரு பட்டப்பின் மாணவிக்கு இரண்டு வருடப் புலமைப்பரிசில் என்றால், “அது எதற்கு?” என்று கேட்பார்கள். சிங்கள, தமிழ் ஆய்வாளர்களையும் சேர்த்தே இதைச் செய்ய வேண்டும். வடக்கில் இந்தப் படிவங்களை எம்மை விட நீண்ட காலம் நிரப்பியவர்கள் இருக்கிறார்கள்.

பயமும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். விடுதலை 2023 டிசம்பரில். கவிதைக்கே இந்த நிலை என்றால், புலனாய்வை ஆய்வு செய்யப் போகும் மாணவியின் பெற்றோர் தயங்காமல் என்ன செய்வார்கள்? அதனால்தான் தனி ஆளாக அல்லாமல், பல்கலைக்கழகத்தின் பெயரிலும் சட்டத்தரணிகளின் துணையுடனும் இது நடக்க வேண்டும் என்கிறேன்.

தொடக்கத்துக்குப் பெரிய தொகை தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க அதில் இடமுண்டு; பொதுநலன் மேலோங்கினால் கொடுக்க வேண்டும் என்ற பிரிவும் உண்டு. யாருடைய பெயரையும் கேட்க வேண்டாம். 2019க்குப் பின் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் திரட்டிய விபரங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் திரட்டப்பட்டன, எத்தனை வருடம் வைத்திருக்கப்படும், அழிப்பதற்கு நடைமுறை உண்டா என்ற மூன்று கேள்விகளை மாவட்டத்துக்கு ஒருவர் எழுதி அனுப்பலாம். வரும் பதில்களும் வராத பதில்களும் அந்த மாணவியின் முதல் அத்தியாயத்துக்குப் போதும்.