அரை இன்ச் விவகாரம்

இங்கிலாந்தில் பால்காரர், பேப்பர்காரர் மாதிரி ஜன்னல்காரர் என்றும் ஒருவர் உண்டு. மாதம் ஒருமுறையோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வந்து, வீட்டு ஜன்னல்களை வெளிப்பக்கம் துடைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். ஒரு காலத்தில் தோளில் ஏணி, கையில் வாளி என்று வந்த ஆசாமி. இப்போது பெரும்பாலும் வேனில் வருகிறார். வேனுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி, பாட்டரியில் ஓடும் குட்டி பம்ப், நூறு மீட்டர் ஹோஸ் சுற்றிய ஒரு ராட்டினம். கையில் இழுக்க இழுக்க நீளும் கார்பன் ஃபைபர் கம்பு. கம்பு நுனியில் பிரஷ். பிரஷ்ஷிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீச்சுகிறது. தரையில் நின்றபடியே மூன்றாவது மாடி ஜன்னலைத் தேய்த்து அலசிவிட்டு, துணியால் ஒரு தடவைகூடத் துடைக்காமல் போய்க்கொண்டே இருப்பார். காய்ந்ததும் கண்ணாடி பளிச்.

மந்திரம் தண்ணீரில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் அப்படியே காய்ந்தால் எவர்சில்வர் டம்ளரில் விழுவது போல வெள்ளைத் திட்டு விழும். கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளின் கைங்கரியம். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது, கேட்கவே வேண்டாம். அதனால் அவர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, பிறகு ரெசினிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை சுத்தம் பண்ணுகிறார். உங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறதே, அதே ஆர்.ஓ.தான். கொஞ்சம் கறார் ஜாஸ்தி. தண்ணீரில் கரைந்தது ஒன்றுமில்லை என்றால் காய்ந்த பிறகு கண்ணாடியில் தங்குவதற்கும் ஒன்றுமில்லை.

பிரிட்டனில் 2005இல் உயரத்தில் வேலை செய்வது பற்றி ஒரு விதிமுறை வந்தது. ஏறாமல் செய்ய முடிகிற வேலைக்கு ஏறாதே என்பது அதன் சாரம். ஏணி ஓரம் கட்டப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஏணியிலிருந்து விழுகிறவர்கள் குறைந்தால் நல்லதுதானே.

இத்தனையிலும் விலை உயர்ந்தது கம்பு. மெனக்கெடுவது தண்ணீருக்கு. ஆனால் ஒரு நாள் வேலையைக் கெடுப்பது என்று பார்த்தால், ஹோஸும் கம்பும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு உட்கார்ந்திருக்கிறதே ஒரு கனெக்டர், அதுதான்.

முதலில் ஹோஸைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கனெக்டர் அதற்குத்தான் மாப்பிள்ளை. தோட்டத்துக்குப் போடுகிற அரை இன்ச் ஹோஸ் நூறு மீட்டருக்குள் இருக்கும் தண்ணீர் மட்டுமே 12 கிலோவுக்கு மேல். நாள் பூரா அதை வீட்டைச் சுற்றி இழுத்தால் சாயந்திரம் முதுகைத் தனியாகக் கழற்றி வைக்க வேண்டியதுதான். எனவே உள் விட்டம் 8 மில்லிமீட்டர் அல்லது 6 மில்லிமீட்டர் உள்ள ஒல்லி ஹோஸ். மைக்ரோபோர் என்பார்கள். 8இல் தண்ணீர் எடை 5 கிலோ, 6இல் 3 கிலோவுக்கும் குறைவு. அப்படியானால் 6தானே புத்திசாலித்தனம்? அங்கேதான் புவாஸே என்ற பிரெஞ்சுக்காரர் குறுக்கே வருகிறார். குழாய் ஒல்லியானால் தடை நான்கு மடிப் பெருக்கத்தில் ஏறும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு. 8இலிருந்து 6க்கு இறங்கினாலே மூன்று மடங்குக்கு மேல். பம்ப் திணறும். முதுகா, பம்ப்பா என்பது அவரவர் சௌகரியம். பலர் சமரசமாக 8 வாங்குகிறார்கள்.

இனி கனெக்டர். சந்தையில் ஏகப்பட்டது இருந்தாலும் மூன்று ஜாதிதான்.

ஒன்று, தோட்ட ஹோஸுக்குப் போடுகிற பிளாஸ்டிக் 'க்ளிக்' கனெக்டர். ஜெர்மன் கம்பெனியான கார்டெனா 1968இல் கொண்டுவந்த அமைப்பு. இன்றைக்குப் பல கம்பெனிகள் அதே அளவில் பண்ணுவதால் ஒன்றோடொன்று சேர்கிறது. விலை சல்லிசு, எந்தக் கடையிலும் கிடைக்கும். தொட்டி நிரப்ப, வீட்டுக் குழாயில் மாட்ட, உத்தமம். ஆனால் பூத்தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறவர் நாளைக்கு ஒருமுறை மாட்டுவார். ஜன்னல்காரர் நாளைக்கு முப்பது தடவை மாட்டிக் கழற்றி, சரளைக் கல்லில் இழுத்து, காலாலும் மிதிப்பார். பிளாஸ்டிக் நகங்கள் தேய்ந்துபோய், ஒரு நாள் அழுத்தம் ஏறும்போது 'டப்' என்று கழன்று ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளும்.

இரண்டாவது, காலரைப் பின்னால் இழுத்தால் விடுபடுகிற பித்தளைக் கனெக்டர். மெக்கானிக் ஷெட்டில் கம்ப்ரஸர் காற்று ஹோஸில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தொழிலில் பிரசித்தமானது ரெக்டஸ் 21 என்ற ஜெர்மன் அளவு. உள்ளே வழி வெறும் 5 மில்லிமீட்டர். இவ்வளவு சின்னதா என்று பயப்பட வேண்டாம். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் போகிற சமாசாரம், ஒரு இன்ச் நீளக் கனெக்டர் பெரிதாகத் தடுக்காது. தடுப்பதெல்லாம் நூறு மீட்டர் ஹோஸ்தான். சின்னதாக, வழுவழுவென்று இருப்பதால் எதிலும் சிக்காது என்பது இதன் பெரிய சௌகரியம்.

மூன்றாவது, 'புஷ் ஃபிட்'. குழாயை உள்ளே தள்ளினால் எஃகுப் பற்கள் கவ்விக்கொள்ளும், ஒரு ரப்பர் வளையம் ஒழுக்கை அடைக்கும். கழற்ற வேண்டுமானால் வாய் வளையத்தை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். உங்கள் ஆர்.ஓ. பெட்டியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக முழங்கை மாதிரி இருப்பது இதுதான். ஒருமுறை மாட்டி, சும்மா விட்டுவிடுகிற இடத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. வேனுக்குள், ராட்டினத்தின் அடியில், பேஷ். தினம் கழற்றுகிற இடத்தில் போட்டால் பற்கள் குழாயைக் கீறிக் கீறி, கடைசியில் கீறல் வழியாகக் கசியும்.

ஆக, எது உசத்தி என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போவதில் அர்த்தமில்லை. எந்த மூட்டு தினம் கழலும், எந்த மூட்டு கழலவே கூடாது என்று வீட்டிலேயே எண்ணிவிட்டுப் போக வேண்டும்.

வால்வு வைத்த கனெக்டரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழற்றியதும் தானே தண்ணீரை மூடிக்கொள்ளும் பகுதி, வேனிலிருந்து வருகிற ஹோஸ் பக்கம் இருக்க வேண்டும். வால்வு இல்லாத மொட்டைப் பகுதி கம்பு பக்கம். மாற்றி மாட்டினால் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஷூவுக்குள் அபிஷேகம். சரியாக மாட்டியிருந்தால், தண்ணீர் போக வழியில்லை என்று பம்ப்பே தெரிந்துகொண்டு நின்றுவிடும். வேனுக்கு ஓடி ஸ்விட்சை அணைக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிரி, தெரு. ஹோஸ் எப்போதும் சுவர் மூலையில் உரசும், கேட் கம்பத்தில் மாட்டும், நிறுத்திவைத்த கார் டயருக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளும். (டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே அவ்வளவு ஒல்லியான இடத்தை ஹோஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.) காலர் பின்பக்கமாக உரசி நகர்ந்தால் கனெக்டர் தானாகத் திறந்துவிடும். கொஞ்சம் திருகிப் பூட்டுகிற காலராகப் பார்த்து வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் மேலே ஒரு துண்டு ரப்பர் குழாயை உறை மாதிரி இழுத்துவிட்டாலும் போதும்.

திறந்தால் என்ன, தண்ணீர்தானே என்று நினைக்கலாம். ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீர் வடிக்க, கிட்டத்தட்ட இன்னொரு லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. பல வீடுகளில் அதற்கும் மேலே. அவர் வீட்டின் பின்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, முன்பக்கம் கழன்ற ஹோஸ் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டிருக்கும். அரைமணி நேரத்தில் அறுபது. தொட்டி காலியானால் மிச்ச வீடுகளின் வரும்படி அன்றைக்குக் கிடையாது. ஜனவரி மாதமாக இருந்தால் ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் பனிக்கட்டியாகும். அதில் வழுக்கி விழுகிற பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் வக்கீல் நோட்டீஸ் ஜன்னல்காரருக்குத்தான்.

கடைசியாக மரை. மரை கழன்ற கேஸ் என்று நாம் மனிதர்களைச் சொல்கிறோம். அசல் மரைகளின் கதை அதைவிடக் குழப்பம். நம்மூர் ஹார்டுவேர் கடையில் சகஜமாகக் கேட்கிற பேச்சு இது:

"அண்ணே, அரை இன்ச் கப்ளிங் ஒண்ணு குடுங்க."

"மேலா, ஃபீமேலா தம்பி?"

அதற்கே முழிக்கிறோம். அந்த 'அரை இன்ச்'சை ஸ்கேல் வைத்து அளந்தால் இன்னும் முழிப்போம். மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது 12.7. பழைய காலத்து இரும்புக் குழாயின் உள் ஓட்டையை வைத்து வைத்த பெயர், குழாய் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் மரை. வெள்ளைக்காரன் போட்ட குழாய்களோடு வந்து, நம் வீட்டுக் குழாய்களிலும் தங்கிவிட்டது. அமெரிக்க மரை என்.பி.டி. இரண்டிலும் அரை இன்ச் சைஸுக்கு ஒரு இன்ச்சில் 14 மரைதான். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. பொருந்தாவிட்டால் கையில் மாட்டாது, தெரிந்துபோகும். இது இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும். அப்புறம் இறுகும். டெஃப்லான் டேப் எத்தனை சுற்றினாலும் சொட்டும். மலிவாக வெளிநாட்டிலிருந்து தருவித்த கனெக்டர் ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மரை பொருந்தாததால் ஒரு ஊரே எரிந்திருக்கிறது. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் மையத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டனிலிருந்து ரயிலில் தீயணைப்பு எஞ்சின்களை ஏற்றி அனுப்பினார்கள். பிலடெல்பியா போன்ற ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஆட்கள் ரெடி, எஞ்சின் ரெடி, ஹைட்ரண்ட்டில் தண்ணீரும் ரெடி. வெளியூர் ஹோஸ் பால்டிமோர் ஹைட்ரண்ட்டில் மாட்டவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மரை. ஒரு நாளுக்கு மேல் எரிந்து 1,500க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. பிறகு கணக்கெடுத்தபோது அமெரிக்காவில் 600க்கு மேற்பட்ட தினுசில் தீயணைப்பு ஹோஸ் கப்ளிங் இருப்பது தெரிந்தது. தேசத்துக்கெல்லாம் ஒரே அளவு என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டரை இன்ச், ஒரு இன்ச்சுக்கு ஏழரை மரை. ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வருவது வேறு விஷயம். 1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதி பற்றி எரிந்தபோது, உதவிக்கு வந்த வெளியூர் வண்டிகள் திரும்பவும் கையைப் பிசைந்தன. ஓக்லண்ட் ஹைட்ரண்ட் மூன்று இன்ச்.

ஐரோப்பாவில் இந்த மேல், ஃபீமேல் சிக்கலையே ஒருவர் ஒழித்துக்கட்டினார். ஸ்டோர்ஸ் என்பவர் 1882இல் பேடன்ட் வாங்கிய கப்ளிங்கில் இரண்டு முனையும் ஒரே மாதிரி. எதிரெதிரே வைத்துக் கால் சுற்றுத் திருகினால் முடிந்தது. ஜெர்மன் தீயணைப்பு வீரர்கள் இன்றும் அதைத்தான் மாட்டுகிறார்கள். தோட்ட அளவில் இதற்கு கேகா என்று ஒரு தம்பி உண்டு. இதில் ஹோஸ் அரை இன்ச்சோ, ஒரு இன்ச்சோ, இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே 40 மில்லிமீட்டர்தான். எதோடும் எது வேண்டுமானாலும் சேரும். தொட்டி நிரப்புகிற பெரிய ஹோஸுக்கு இதைப் போட்டால் கவலையே இல்லை.

நான் ஜன்னல்காரராக இருந்தால் இப்படி வாங்குவேன். கம்பு சேருமிடத்துக்கு பூட்டுக் காலர் வைத்த சின்னப் பித்தளை. வேனுக்குள் புஷ் ஃபிட். தொட்டி நிரப்ப க்ளிக்கோ, கேகாவோ. நிப்பிளில் ஏற்றிய ஹோஸுக்கு மேலே எஃகு கிளிப். அதையும் இங்கிலாந்துக்காரர்தான் கண்டுபிடித்தார், லம்லி ராபின்சன் என்ற கடற்படை கமாண்டர், 1921இல். நேற்று ஒரு பிராண்ட், இன்று ஆஃபரில் கிடைத்த இன்னொரு பிராண்ட் என்று கலந்தால் வேனுக்குள்ளேயே ஒரு பால்டிமோர்.

குளிர்காலத்தில் சாயந்திரம் வேலை முடிந்ததும் வால்வை அமுக்கி உள்ளே நிற்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், பித்தளையானாலும் விரியும். மறுநாள் மாட்டுமுன் ரப்பர் ஓ ரிங் இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்ப்பதும் நல்லது. கழன்று முந்தின நாள் யார் வீட்டுப் புல்லிலாவது விழுந்திருக்கும். கறுப்பாக, மோதிரத்தைவிடச் சின்னதாக இருக்கும். போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது. டஜன் கணக்கில் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வேனில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.