போலீஸ் வரட்டும், பிறகு இறங்குவோம்

108 பைலட்டுகளே, மருத்துவ உதவியாளர்களே, தோழர்களே!

2025 ஆகஸ்டில் துறையூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அரசியல் கூட்டத்துக்குள் வந்த 108 வண்டியைச் சூழ்ந்து தாக்கினார்கள்; நம்மவர்கள் மேலும் கை வைத்தார்கள். ஊரே பார்க்க நடந்ததால் அது செய்தியானது. குடிபோதைச் சண்டையிலும் திருவிழா வெட்டுக்குத்திலும் “ஏன்டா இவ்வளவு நேரம்?” என்று நம் சட்டையைப் பிடிக்கிறார்களே, அது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஷிப்ட் முடிந்ததும் நாமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இனி அப்படிப் போகக் கூடாது!

முதலில் நமக்குள் ஒரு முடிவு எடுப்போம். அடிதடி, வெட்டு என்று கேஸ் வந்தால், போலீஸ் வரும்வரை வண்டி அந்த இடத்துக்குப் போகக் கூடாது. தெரு முனைக்கு அப்பால், கூட்டத்தின் கண்ணில் படாமல் நிறுத்துங்கள். பார்த்துவிட்டால் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். பிறகு காத்திருக்க முடியாது. சைரனை முன்பே அணைத்துவிடுங்கள். திரும்பிப் போகும் திசையைப் பார்த்தே வண்டி நிற்கட்டும். இதைக் கோழைத்தனம் என்பவர்களிடம் சொல்லுங்கள்: குத்துப்பட்டவரைத் தூக்கப் போன இருவரும் விழுந்தால் அங்கே மூன்று நோயாளிகள், தூக்க ஆளில்லை.

போலீஸ் வந்தபின்னும் கவனம் வேண்டும். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தட்டுங்கள். சமையலறையில் நின்று பேச வேண்டாம். அரிவாள்மணையும் கத்தியும் அங்கேதான் இருக்கும். உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே யாரையும் வரவிடாதீர்கள். ஒருவர் நோயாளியைப் பார்த்தால் மற்றவர் கூட்டத்தைப் பார்க்கட்டும். “பெரிய சிலிண்டரை எடுத்துட்டு வரலாம்” என்பதுபோல ஒரு வாக்கியத்தை முன்பே பேசி வையுங்கள். அதைக் கேட்டால் இருவரும் வண்டிக்குத் திரும்ப வேண்டும். உடன் வரும் பெண் தோழர் “இங்கே சரியில்லை” என்றால், பைலட் விவாதிக்கவே கூடாது, கிளம்ப வேண்டும்.

நிர்வாகத்திடமும் கேட்போம். ஆயுதம் இருக்கிறதா, அடித்தவன் அங்கேயே நிற்கிறானா என்று அழைப்பை எடுக்கும்போதே விசாரித்து நமக்குச் சொல்ல வேண்டும். போலீசுக்கும் அதே நிமிடம் தகவல் போக வேண்டும். போலீசுக்காகக் காத்திருந்த நேரத்தைத் தாமதம் என்று எழுதி நம்மிடம் விளக்கம் கேட்கக் கூடாது. தாக்குதல் நடந்தால் நிர்வாகமே புகார் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் தனியாக ஸ்டேஷன் படியேறக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. புகார் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். “சமாதானமாகப் போங்களேன்” என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

இன்று ஷிப்ட் ஏறும்போதே வண்டிக்குத் திரும்பச் சொல்லும் அந்த வாக்கியத்தை உங்கள் ஜோடியோடு பேசி முடிவு செய்யுங்கள். அடிபட்டவர் ஒருவரே ஆனாலும், புகார் கொடுக்க மாவட்டமே திரண்டு போவோம், வாருங்கள்!